விதைப் பூண்டை எப்போது விற்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

ஜூலை பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி பேஸ்பாலைப் பற்றியதாக இருக்கிறது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அமெரிக்காவில் குடியிருக்கும் வீடுகள் நம் மலையில் பெருகிவிட்டன. வீடியோ அழைப்பில் வரும் பேரன், பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் தன் அணி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்கிறான். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-இல் கட்டிய பங்களாக்களிலிருந்துதான் கொடைக்கானல் ஒரு மலைவாசத் தலமாக உருவெடுத்தது என்பதால், அவர்கள் நாட்டு ஆட்டத்தில் நமக்கு ஆர்வம் வருவதில் வியப்பொன்றும் இல்லை. பருவத்தின் நடுவில் அணிகள் எடுக்கவேண்டிய முடிவைப் பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஐ.பி.எல். ஏலம் போட்டி தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பேஸ்பாலில் மட்டும் பருவம் பாதி நடந்துகொண்டிருக்கும்போதே வீரர்களை ஏன் மாற்றிக்கொள்கிறார்கள்? இது நியாயமான போட்டிதானா?
– கல்லூரி மாணவி, அட்டுவம்பட்டி

இரண்டு போட்டிகளுக்கும் உள்ள முதல் வேறுபாடு நீளம். ஐ.பி.எல். லீக் சுற்றில் ஓர் அணி 14 ஆட்டங்கள் ஆடுகிறது. இரண்டு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடுவதால், ஏலத்தில் எடுத்த ஆட்களைக்கொண்டே சமாளித்துவிடலாம். மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். மார்ச் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் கடைசிவரை, பயணத்துக்கும் ஓய்வுக்கும் விட்ட சில நாள்கள் போக, அநேகமாகத் தினமும் ஆட்டம் உண்டு. அவ்வளவு நீண்ட ஓட்டத்தில் ஒருவருக்கு முழங்கை போகிறது, இன்னொருவருக்கு முழங்கால் போகிறது. ஏப்ரலில் பலமாகத் தெரிந்த அணி ஜூலையில் ஓட்டை விழுந்து நிற்கிறது. அதே சமயம், இனி எவ்வளவு ஆடினாலும் தேறாது என்று தெரிந்துவிட்ட அணிகளும் இருக்கின்றன. முதல் வகை அணிக்கு ஆள் இப்போதே வேண்டும். இரண்டாம் வகை அணிக்கு மூன்று ஆண்டு கழித்து ஆள் வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் சந்திக்கிற சந்தைதான் ஜூலை மாத டிரேடு.

வீரர்களை மாற்றிக்கொள்வது நமக்கும் புதிதன்று. 2025 நவம்பரில் சென்னை அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்துகளில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவரையா அனுப்புகிறார்கள் என்று நம் ஊர் டீக்கடைகளில் எவ்வளவு ஆற்றாமை இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஆனாலும் அது ஆட்டம் இல்லாத காலத்தில் நடந்தது. மனத்தைத் தேற்றிக்கொள்ள மாதக்கணக்கில் நேரம் இருந்தது. பேஸ்பாலில் அதே முடிவை, மறுநாள் ஆட்டத்தை வைத்துக்கொண்டு எடுக்கிறார்கள்.

நியாயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எல்லா அணிகளுக்கும் ஒரே கெடு நாள் என்பதுதான் அதற்கான காப்பு. 2018 வரை, ஜூலைக் கெடு முடிந்த பிறகும் ஆகஸ்டில் சுற்றுவழியாக வீரர்களை மாற்றிக்கொள்ள இடமிருந்தது. 2019 முதல் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். இப்போது ஜூலை கடைசியிலோ ஆகஸ்டு முதல் சில நாள்களிலோ ஒரு மாலை நேரத்தோடு கதவு மூடப்படுகிறது. கெடு இல்லாவிட்டால், பணக்கார அணி செப்டம்பர் கடைசி வாரத்தில் கடையை விரித்து, வேண்டியவர்களையெல்லாம் வாங்கிக்கொண்டு கோப்பைக்குப் போய்விடும். இரண்டு மாத ஆட்டம் மிச்சமிருக்கும்போதே முடிவெடுக்கச் செய்வதால், வாங்குகிறவரும் ஒரு துணிச்சலோடுதான் வாங்க வேண்டியிருக்கிறது.

பிளே-ஆஃபுக்கு எத்தனை அணிகள் போகும்? வைல்டு கார்டு என்றால் என்ன?
– காபித் தோட்டக்காரர், தாண்டிக்குடி

மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீக்கில் 15, நேஷனல் லீக்கில் 15. ஒவ்வொரு லீக்கிலும் ஐந்து ஐந்து அணிகளாக மூன்று டிவிஷன்கள். டிவிஷனில் முதலிடம் பிடித்த மூன்று அணிகளோடு, முதலிடம் கிடைக்காவிட்டாலும் நல்ல வெற்றிக் கணக்கு வைத்திருக்கும் மூன்று அணிகளையும் சேர்த்து லீக்குக்கு ஆறு அணிகள் போகின்றன. பின்னால் சொன்ன மூன்றும் வைல்டு கார்டு அணிகள். முதல் இரண்டு டிவிஷன் சாம்பியன்களுக்கு முதல் சுற்றில் ஓய்வு கிடைக்கும். மற்ற நான்கும் மூன்று ஆட்டத் தொடரில் மோதும். அந்த மூன்று ஆட்டங்களும் மேலிடத்தில் உள்ள அணியின் மைதானத்திலேயே நடக்கும்.

1995 முதல் 2011 வரை லீக்குக்கு ஒரே ஒரு வைல்டு கார்டு இடம்தான் இருந்தது. 2012-இல் அது இரண்டாகி, 2022-இல் மூன்றாயிற்று. இடம் கூடக்கூட, ஜூலையில் நமக்கும் வாய்ப்பு இருக்கிறது என்று நினைக்கும் அணிகளும் கூடிவிட்டன. விற்பவர் குறைந்து வாங்குபவர் பெருகினால் விலை என்ன ஆகும் என்பதைக் காபி விற்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மகள் குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. பேரனுடைய அணி 102 ஆட்டங்களில் 52 வெற்றி, 50 தோல்வி. கடைசி வைல்டு கார்டு இடத்தில் இருக்கும் அணிக்கு 56 வெற்றி, 47 தோல்வி. பேரனுடைய அணி அடித்தது 470 ரன், கொடுத்தது 440. இளநிலை அணிகளில் வளர்ந்துவரும் பையன்களைக் கொடுத்தாவது பந்தெறியும் பெரிய பிட்சர் ஒருவரை வாங்கிவிட வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். விதைக்கு வைத்த பூண்டை விற்றுச் சாப்பிடுவதுபோல் எனக்குப் படுகிறது. யார் சொல்வது சரி?
– பூண்டு விவசாயி, பூம்பாறை

உங்கள் கடிதத்தில் அணியின் பெயர் இல்லை, ஐயா. ஒரு வகையில் அதுவே நல்லது. பெயரின் மேலுள்ள பாசம் குறுக்கே வராமல் எண்களைப் பார்க்கலாம்.

உங்களுக்குப் பூண்டு நினைவு வந்தது மிகவும் பொருத்தம். அமெரிக்கர்கள் இளநிலை அணிகளின் அமைப்பைப் பண்ணை என்றே சொல்கிறார்கள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நிர்வகித்த பிராஞ்ச் ரிக்கி 1920-களில், பெரிய ஆட்டக்காரர்களை விலைகொடுத்து வாங்கக் கட்டுப்படியாகாமல், சின்ன ஊர் அணிகளைக் கைவசப்படுத்தி அவற்றில் பையன்களை வளர்த்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பிறகு எல்லா அணிகளும் அதையே பின்பற்றின. உங்கள் வீட்டுப் பரணில் அடுப்புப் புகை படும்படி கட்டித் தொங்கவிட்டிருக்கும் விதைப் பூண்டும், இளநிலை அணியில் பேருந்தில் ஊர் ஊராகப் போய் ஆடும் பத்தொன்பது வயதுப் பையனும் ஒரே காரியத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

முதலில் தூரத்தை அளப்போம். எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறோம் என்று காண, வெற்றிகளின் வித்தியாசத்தையும் தோல்விகளின் வித்தியாசத்தையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். நான்கும் மூன்றும் ஏழு, பாதி மூன்றரை. மூன்றரை ஆட்டம், கையில் இன்னும் 60 ஆட்டம் என்று கேட்டால் எட்டிப் பிடிக்கிற தூரமாகத்தான் தோன்றும். பேரனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் முன்னால் போகிறவர் நமக்காக நின்றுகொண்டிருக்கப் போவதில்லை. அவருக்கு 59 ஆட்டங்கள் மிச்சம். இதுவரை வென்ற விகிதத்திலேயே போனால் இன்னும் 32 வென்று 88 வெற்றியோடு முடிப்பார். உங்கள் பேரனுடைய அணி 88-ஐத் தொட வேண்டுமானால் மிச்சமுள்ள 60-இல் 36 வெல்ல வேண்டும், அதாவது பத்துக்கு ஆறு. இதுவரை பத்துக்கு ஐந்தைச் சற்றே தாண்டி வந்திருக்கும் ஓர் அணி, முழுப் பருவத்தில் 97 வெற்றி பெறக்கூடிய அணியைப்போல் இரண்டு மாதம் ஆடியாக வேண்டும். அப்படி ஆடி 88-க்கு 88 என்று சமமானாலும் தீர்வு ஆட்டம் கிடையாது. அதை 2022-இல் எடுத்துவிட்டார்கள். இரு அணிகளும் தமக்குள் ஆடியதில் யார் கை ஓங்கியிருந்தது என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

அடுத்தது ரன் கணக்கு. இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். பேஸ்பால் புள்ளிவிவரத்தை ஒரு தனிக் கலையாக்கிய பில் ஜேம்ஸ் ஒரு சூத்திரம் சொன்னார். அடித்த ரன்னின் வர்க்கத்தை எடுத்து, அடித்தது கொடுத்தது ஆகிய இரண்டின் வர்க்கங்களையும் கூட்டிய தொகையால் வகுத்தால், அந்த அணி எந்த விகிதத்தில் வென்றிருக்க வேண்டும் என்பது ஏறத்தாழ வந்துவிடும். 470-இன் வர்க்கம் 2,20,900. 440-இன் வர்க்கம் 1,93,600. வகுத்துப் பார்த்தால் 0.533 வருகிறது, 102 ஆட்டத்துக்கு 54 வெற்றி. ஆக, ஆடிய ஆட்டத்துக்கு இரண்டு வெற்றி குறைவாகவே இந்த அணிக்குக் கிடைத்திருக்கிறது. பட்டியல் காட்டுவதைவிடக் கொஞ்சம் நல்ல அணிதான். பேரனுடைய நம்பிக்கை வெறும் ஆசை இல்லை என்று அவனிடம் சொல்லுங்கள். ஆனால் 0.533 என்பது பத்துக்கு ஆறு ஆகாது.

இந்த இடைவெளியை ஒரு பெரிய பிட்சரால் நிரப்ப முடியுமா? ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் தொடக்க பிட்சர் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் எறிவார். மிச்சமுள்ள 60 ஆட்டங்களில் அவருக்கு 12 வாய்ப்பு. அந்தப் பன்னிரண்டில், இப்போது அவர் இடத்தில் இருப்பவரைவிட இரண்டு வெற்றி கூடுதலாக வாங்கித் தந்தால் அது நல்ல பலன். 2008-இல் மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணி ஜூலை 7 அன்றே சி.சி. சபாத்தியாவை வாங்கியது, கெடுவுக்கு மூன்று வாரம் முன்னதாகவே வாங்கியதால் அவருக்கு 17 ஆட்டங்கள் கிடைத்தன, 11 வெற்றி, 2 தோல்வி. 1982-க்குப் பிறகு அந்த அணி முதன்முறையாகப் பிளே-ஆஃபுக்குப் போயிற்று. அப்படிப்பட்ட ஆளைக் கணக்கில் வைத்து எந்த அணியும் திட்டம் போட முடியாது. போட்டாலும், ஜூலை 7-க்கும் ஜூலை 31-க்கும் உள்ள வித்தியாசம் நான்கைந்து ஆட்டம். அதை மறந்துவிடக் கூடாது.

உங்கள் பக்கத்துக்குச் சாட்சியாக 1987-ஐச் சொல்வார்கள். அந்த ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ், இளநிலை அணியில் இருந்த 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸைக் கொடுத்து அட்லாண்டாவிடமிருந்து 36 வயது டாயல் அலெக்ஸாண்டரை வாங்கியது. அலெக்ஸாண்டர் எறிந்து 9 வெற்றி, தோல்வியே இல்லை. டெட்ராய்ட் இரண்டு ஆட்ட வித்தியாசத்தில் டொராண்டோவை முந்தி டிவிஷனைப் பிடித்தது. அடுத்த தொடரில் மின்னசோட்டாவிடம் தோற்றது. மிச்சிகனிலேயே வளர்ந்த அந்தப் பையன், அட்லாண்டாவில் இருபதாண்டு எறிந்து 2015-இல் பேஸ்பால் சாதனையாளர்களுக்கான புகழ்மண்டபத்துக்குப் போனான். டெட்ராய்ட் செய்த பெரும் தவறு என்று இதை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. உண்மையிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்த டிவிஷன் பட்டம் அது. அந்த ஒன்பது வெற்றி இல்லாவிட்டால் கிடைத்திருக்காது. விலை அதிகம், ஆனால் வாங்கிய பொருள் கைக்கு வந்தது.

நான் அஞ்சுவது வேறு கதையை. 2023 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணி, உங்கள் பேரனுடைய அணியைப் போலவே பாதிக்குச் சற்று மேலே வென்று, வைல்டு கார்டு இடத்துக்குச் சில ஆட்டங்கள் பின்னால் நின்றது. அந்தப் பருவத்தோடு ஒப்பந்தம் முடியவிருந்த ஷோஹெய் ஓட்டானி அவர்களிடம் இருந்தார். அடிப்பதிலும் எறிவதிலும் ஒருசேர முன்னணியில் நின்ற அவரை விற்றிருந்தால் ஒரு பண்ணையையே நிரப்பியிருக்கலாம். அவரோடு ஒருமுறையாவது பிளே-ஆஃபுக்குப் போய்விட வேண்டும் என்ற ஆசையில், அவரை வைத்துக்கொண்டதோடு நில்லாமல், தங்கள் இளம் வீரர்களில் சிறந்த இருவரைக் கொடுத்து லூகாஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ் என்ற இரண்டு பிட்சர்களையும் வாங்கினார்கள். ஆகஸ்டில் 8 வெற்றி, 19 தோல்வி. மாதம் முடிவதற்குள் வாங்கிய இருவரையும் வேறு அணிக்குக் கைமாற்றிவிட்டார்கள். ஓட்டானியின் முழங்கையும் அதே மாதத்தில் கிழிந்தது. பருவம் 73 வெற்றி, 89 தோல்வியில் முடிந்தது. டிசம்பரில் ஓட்டானி பத்தாண்டுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பக்கத்திலேயே இருக்கும் டாட்ஜர்ஸ் அணிக்குப் போய்விட்டார். ஏஞ்சல்ஸுக்கு மிஞ்சியது, புதிய வீரர் தேர்வில் ஒரு கூடுதல் வாய்ப்பு மட்டுமே. அந்த அணி நிர்வாகத்தின் ஆசையை நான் பழிக்கவில்லை. அந்த நிலையில் எந்த ரசிகனும் அதைத்தான் விரும்பியிருப்பான். ஆனால் விதையும் போய் விளைச்சலும் போன ஆண்டு அது.

இனி பேரனுக்கு ஆறுதலாக ஒன்று. 2021-இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்கு ஜூலை முடியும்வரை வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். அவர்களுடைய சிறந்த ஆட்டக்காரரான ரொனால்ட் அகூன்யாவுக்கு ஜூலை 10 அன்று முழங்கால் தசைநார் அறுந்து பருவமே முடிந்துபோயிற்று. அன்றைக்கே கடையை மூடிவிட்டு விற்கத் தொடங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அணியின் பொது மேலாளர் அலெக்ஸ் ஆந்தோபுலோஸ் இரண்டு விஷயங்களைப் பார்த்தார்: அவர்களுடைய டிவிஷனில் யாரும் ஓங்கி நிற்கவில்லை, தோல்விக் கணக்கு எப்படி இருந்தாலும் அணி கொடுத்த ரன்னைவிட அடித்த ரன் அதிகமாகவே இருந்தது. ஜாக் பீடர்சன், ஆடம் டுவால், ஹோர்ஹே சொலேர், காயத்தில் படுத்திருந்த எடி ரொசாரியோ என்று நான்கு பேரை வாங்கினார். நால்வருக்கும் கொடுத்த விலை மலிவு. பண்ணையின் தலையாய பையன்களில் ஒருவரைக்கூட அவர் கொடுக்கவில்லை. 88 வெற்றியோடு டிவிஷனைப் பிடித்து, நேஷனல் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரராக ரொசாரியோவும், இரு லீக் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரின் சிறந்த வீரராக சொலேரும் தேர்வுபெறக் கோப்பையை வென்றார்கள்.

விதைப் பூண்டிலும் எல்லாப் பல்லும் ஒன்றில்லை என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். பருத்த பல்லை நடவுக்கு ஒதுக்கிவிட்டு, சிறுத்ததை வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்புவதில் தவறில்லை. உங்கள் பேரனுடைய அணி செய்யவேண்டியதும் அதுவே. முதல் ஐந்தாறு இளம் வீரர்களைத் தொடக் கூடாது. பெரிய பிட்சரை விட்டுவிட வேண்டும். பத்தாவது பதினைந்தாவது இடத்தில் இருக்கும் பையனைக் கொடுத்து, ஓட்டை விழுந்த ஓர் இடத்தை அடைக்கும் சாதாரண ஆட்டக்காரர் ஒருவரை வாங்கலாம். அதோடு, கெடுவுக்கு முந்தைய ஒன்பது பத்து ஆட்டங்களைக் கவனியுங்கள். அவற்றில் ஆறேழு தோற்றுவிட்டால், பருவத்தோடு ஒப்பந்தம் முடிகிறவர்களை விற்றுவிடுவதே சரி. அப்போது பேரன் அழுவான். நீங்கள் பக்கத்தில் இல்லையே என்றிருக்கும்.

மனிதர்களை மூட்டை போல ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அனுப்பும் இந்த வழக்கத்தை நீங்கள் ஆதரிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பெருமாள்மலை

உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு, அம்மா. பணியிட மாறுதல் உத்தரவு கையில் கிடைத்த அன்று ஒரு வீடு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்காவது கலந்தாய்வு என்று ஒன்று இருந்தது. மேஜர் லீக்கில் பத்தாண்டு ஆடி, அதில் கடைசி ஐந்தாண்டு ஒரே அணியில் இருந்தவருக்கு மட்டும்தான் போகமாட்டேன் என்று சொல்லும் உரிமை விதியாகவே இருக்கிறது; சிலர் ஒப்பந்தத்தில் அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் சொன்ன ஊருக்குப் போக வேண்டியதுதான்.

2015 ஜூலை 29 அன்று இரவு நியூயார்க் மெட்ஸ் மைதானத்தில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. வில்மர் ஃப்ளோரஸ் வெனிசுவேலாவைச் சேர்ந்தவர். பதினாறு வயதில் மெட்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. அவருக்குத் தெரிந்த ஒரே அணி அது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவரை மில்வாக்கிக்குக் கொடுத்துவிட்டதாகச் செய்தி பரவி, பார்வையாளர்கள் தங்கள் போன்களில் அதைப் படித்துவிட்டார்கள். அவர் அடிக்க வந்தபோது கூட்டம் எழுந்து நின்று வழியனுப்புவதுபோல் கைதட்டியது. விஷயம் அவருக்கும் எட்டியது. பயிற்சியாளருக்கு ஒன்றும் தெரியாததால் அவரை வெளியே அழைக்கவில்லை. அடுத்து ஃபீல்டிங்குக்குப் போய்த் தன் இடத்தில் நின்றவர், பந்துக்கும் பந்துக்கும் இடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். இருபத்து மூன்று வயது. தொலைக்காட்சிக் கேமரா அவர் முகத்தைவிட்டு நகரவில்லை.

அந்த டிரேடு நடக்கவில்லை. மில்வாக்கியிலிருந்து வரவேண்டிய வீரரின் இடுப்பைப் பற்றி ஐயம் எழுந்து பேச்சு முறிந்துவிட்டது. ஃப்ளோரஸ் மெட்ஸிலேயே இருந்தார். இரண்டே நாள் கழித்து, ஜூலை 31 அன்று, டிவிஷனில் முதலிடத்தில் இருந்த வாஷிங்டனுக்கு எதிராக 12-ஆவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்துவைத்தார். ஓடிவரும்போது சட்டையின் மார்பிலிருந்த மெட்ஸ் என்ற எழுத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினார். அதே நாளில் மெட்ஸ் நிர்வாகம், மைக்கேல் ஃபுல்மர் என்ற இளம் பிட்சரை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து யோயனிஸ் செஸ்பெடஸை வாங்கியிருந்தது. அவர் வந்த பிறகு மெட்ஸ் உலகத் தொடர்வரை போயிற்று. ஃபுல்மர் மறுஆண்டு அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம் ஆனார்.

நான் இந்த வழக்கத்தை ஆதரிப்பது, அது இல்லாவிட்டால் நலிந்த அணி எழுந்திருக்க வழியில்லை என்பதால்தான். ஆனால் அந்த இரவைப்போல் ஓர் ஆளை மைதானத்தில் நிறுத்திவைத்து ஊரார் சொல்லித் தெரிந்துகொள்ள விடுவதை எந்தக் காரணமும் சரியாக்காது.

விற்றுவிட்ட அணி அதே ஆண்டு பிளே-ஆஃபுக்குப் போனதுண்டா?
– வாசகர், வில்பட்டி

உண்டு. 2024 ஜூலை 30 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ் தன் பிட்சர் ஜாக் ஃப்ளாஹர்டியை டாட்ஜர்ஸுக்கு விற்றது. ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் 55 வெற்றி, 63 தோல்வி, வைல்டு கார்டு இடத்துக்குப் பத்து ஆட்டம் பின்னால். கணினியில் மிச்சப் பருவத்தை ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப்பார்த்துச் சொல்லும் கணிப்பு, ஆயிரத்துக்கு இரண்டு வாய்ப்பு என்றது. அதன்பின் 44 ஆட்டங்களில் 31 வென்று, 86 வெற்றியோடு உள்ளே நுழைந்து, முதல் சுற்றில் ஹூஸ்டனை வெளியேற்றினார்கள். ஃப்ளாஹர்டிக்குப் பதிலாக வந்த இருவரில் ஒருவரான டிரே ஸ்வீனி ஆகஸ்டிலேயே அணியில் இடம்பிடித்து ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டிங் இடத்தில் ஆடினார்.

இதைப் பார்த்துவிட்டு விற்றாலும் போகலாம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அவர்கள் விற்றது, பருவம் முடிந்தால் எப்படியும் கிளம்பவிருந்தவரை. அந்த ஆண்டு சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய டாரிக் ஸ்கூபலுக்கும் கேள்விகள் வந்தன. அவரைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ்களை எறியும் ரிலீவர்களை வாங்குவதே மலிவான வழி என்று சென்ற மாதம் எழுதினீர்கள். ரிலீவரின் திறமை ஆண்டுக்கு ஆண்டு நிலையாக இருப்பதில்லை என்றும் அதே பதிலில் எழுதினீர்கள். நிலையில்லாத பொருளை வாங்கச் சொல்வது முரண் இல்லையா?
– வாசகர், மன்னவனூர்

நீங்கள் சுட்டிக்காட்டியது சரிதான். நான் எழுதியது அரைகுறை. நிலையில்லாத பொருளை வாங்கலாம், ஆனால் நிலையான பொருளின் விலையைக் கொடுக்கக் கூடாது என்று சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் 19 வெற்றி, 31 தோல்வி என்ற பள்ளத்திலிருந்து ஏறிவந்த அணி. ஜூலையில் தொடக்க பிட்சர்கள் பிரமாதம். அவர்களுக்குப் பின்னால் வரும் ரிலீவர்கள் பருவம் முழுக்க ஆட்டங்களைக் கோட்டைவிட்டுக்கொண்டிருந்தார்கள். கெடு நாளன்று பெயர்பெற்ற ஆள் யாரையும் தேடாமல் டேனியல் ஹட்சன், ரோனிஸ் எலியஸ், ஹண்டர் ஸ்டிரிக்லண்ட் என்று மூன்று ரிலீவர்களைச் சொற்ப விலையில் வாங்கினார்கள். மூவரில் இருவரால் பெரிய பயன் இல்லை. ஹட்சன், அக்டோபர் 30 அன்று ஹூஸ்டனில் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கடைசி அவுட்டை எடுத்தார்.

எதிர்ப்பக்கத்தில் 1990 இருக்கிறது. ஆகஸ்டு கடைசியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ், லாரி ஆண்டர்சன் என்ற ரிலீவருக்காக ஜெஃப் பேக்வெல் என்ற இளநிலை அணிப் பையனை ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. ஆண்டர்சன் நன்றாகவே எறிந்தார். 22 இன்னிங்ஸ் எறிந்துவிட்டு, பருவம் முடிந்ததும் வேறு அணிக்குப் போய்விட்டார். பேக்வெல் பதினைந்து ஆண்டு ஹூஸ்டனிலேயே ஆடி, 449 ஹோம் ரன் அடித்து, 2017-இல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். பாஸ்டனும் டிவிஷனைப் பிடித்ததே, டெட்ராய்ட்டுக்குச் சொன்ன நியாயம் இதற்குப் பொருந்தாதா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்பது ஆட்டம் வென்று தந்த தொடக்க பிட்சரையும், ஒரு மாதத்தில் 22 இன்னிங்ஸ் எறிந்தவரையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கெடு நாளன்று விடிய விடிய விழித்திருப்பதில் பயன் உண்டா? இங்கே மழைக் காற்றில் நெட் அடிக்கடி போய்விடுகிறது.
– வாசகர், கூக்கால்

அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை ஆறு மணி என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை மூன்றரை. 2024-இலும் 2025-இலும் கெடு அந்த நேரத்தில்தான் முடிந்தது. கடைசி நிமிடத்தில் பேசி முடித்த டிரேடுகளின் விவரம் மூன்றரைக்குப் பிறகும் அரை மணி, முக்கால் மணி நேரம் கசிந்துகொண்டேயிருக்கும். ஆகவே விழித்திருப்பவருக்குப் பாதிச் செய்திதான் கிடைக்கும். நான் நான்கரைக்கு எழுந்துகொள்கிறேன். கிழக்குக் கரை அணிகளின் அன்றைய ஆட்டமும் ஏறக்குறைய அப்போதுதான் தொடங்கும். சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான் எங்கள் வீட்டில் சிக்னல் நிற்கும் என்பதால், போனை மஞ்சள்தூள் டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு, பால் பொங்குவதற்குள் பட்டியலைப் படித்து முடித்துவிடுவேன். அணியில் நேற்றிருந்த ஒருவர் இன்று வீரர்கள் உட்காரும் டக்-அவுட்டில் இல்லை என்பது ஆட்டம் தொடங்கியதும் தானே தெரிந்துவிடும்.

பூம்பாறை ஐயா, உங்கள் பேரனுடைய அணி அந்த இரவில் என்ன செய்தது என்பதை எழுதி அனுப்புங்கள். இந்த முறை அணியின் பெயரையும் சேர்த்து.